ஐப்டேசியாவ தின்ன ஆள் விட்டா போதுமா?

போன வருஷம் அம்மா மதுரைல இருந்து இங்க ஃப்ளோரிடாவுக்கு வந்து மூணு மாசம் தங்கியிருந்தாங்க. வந்த ரெண்டாவது நாளே ஹால்ல இருக்கற உப்புத்தண்ணி டேங்க் முன்னாடி சேர் போட்டு உக்காந்துட்டாங்க. மீனு, கோரல் (பவளம்) எல்லாத்தையும் விட அவங்களுக்கு பிடிச்சுப் போனது பாறை இடுக்குல இருந்து எட்டிப் பாக்குற ஒரு பிரவுன் பூ, கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கற இதழ் தண்ணி ஓட்டத்துல ஆடிட்டே இருக்கும். நான் சிரிஞ்சோட வந்து நின்னதும், "ஏண்டா தம்பி, இவ்ளோ காசு போட்டு வாங்கின கல்ல விட இதுதான் அழகா இருக்கு, இத ஏன் ஊசி போட்டு கொல்ற?"ன்னு கேட்டாங்க. அந்த பூ நான் வாங்குனது இல்லம்மா, அதுவா வந்தது, ஒண்ணா வந்தது இப்போ நாப்பது இருக்குன்னு சொன்னேன். உடனே அவங்களுக்கு புரிஞ்சிடுச்சு. "ஓ, கோரை மாதிரியா"ன்னாங்க.

கோரை மாதிரியேதான். வயல்ல கோரைப்புல்ல மேல அறுத்தா போகாது, கீழ கிழங்கு இருக்கும், மண்வெட்டியால கொத்தினா கிழங்கு நாலா பிரிஞ்சு நாலு இடத்துல முளைக்கும். அம்மா பாத்த அந்த பூ, அதான் இந்த ஐப்டேசியாவும் (பாக்கத்தான் பூ, நெஜத்துல பிராணி, நம்ம பாடப்புத்தகத்துல கடல் சாமந்தின்னு போட்டிருப்பாங்களே, அந்த குடும்பம்) அதே புத்திதான். அது பாறைல ஒட்டிட்டு இருக்கற அடிப்பாகம் இருக்குல்ல, அது மெதுவா நகரும்போது ஓரத்துல கண்ணுக்கே சரியா தெரியாத சின்ன சின்ன சதைத்துணுக்க விட்டுட்டு போகும், ஒவ்வொரு துணுக்கும் கொஞ்ச நாள்ல தனக்குன்னு ஒரு வாய், சுத்தி இதழ்னு வளத்துக்கிட்டு தனி ஆளா நிக்கும். துணையே வேணாம். அது போக ஆண் பெண் சேர்ந்து முட்டை போட்டு லார்வாவா நீந்திப் போற வழியும் தனியா இருக்கு. பிளேடு வச்சு சுரண்டறேன்னு இறங்கினவங்க எல்லாருக்கும் ஒரே முடிவுதான், ஒண்ணு இருந்த இடத்துல ஏழு.

வர்ற வழி பெரும்பாலும் லைவ் ராக் (சின்ன சின்ன உயிர் ஒட்டியிருக்கற கடல் பாறை), இல்லன்னா கடைல வாங்கின கோரல் ஃபிராக்கோட (வெட்டி விக்கிற துண்டு) அடில. வாங்கும்போது மொட்டு மாதிரி சுருங்கி ஒரு மணல் துகள் அளவுல உள்ள போயிருக்கும், யார் கண்ணுக்கும் படாது. வெளிச்சத்துல அதோட உடம்புக்குள்ள குடியிருக்கற பாசி சாப்பாடு சமைச்சு குடுக்கும். வெளிச்சமே இல்லாத சம்ப்ல (தண்ணிய சுத்தம் பண்ண டேங்க்குக்கு கீழ வைக்கற தொட்டி) போய் ஒட்டினாலும் சாகாது, பாசி போய் வெள்ளையா ஆயிடும், ஆனா மீனுக்கு போடற தீனில மிஞ்சினது தண்ணியோட வந்தா அதப் பிடிச்சு தின்னுட்டு இருக்கும். தொட்டா வெள்ள வெள்ளையா நூல் மாதிரி ஒண்ண உடம்பு ஓட்டை வழியா வெளிய விடும், அது பூரா கொட்டற செல்லு. பக்கத்துல இருக்கற கோரலுக்கு அது பட்டா சதை உரிஞ்சு பின்வாங்கிடும்.

இதுல வேடிக்கை என்னன்னா, நாம கொல்ல அலையற இதே ஐப்டேசியாவ லேப்ல கண்ணுக்குள்ள வச்சு வளக்கறாங்க. கோரலுக்குள்ளயும் இதே மாதிரி பாசிதான் குடியிருக்கு, ஆனா கோரல லேப்ல வளக்கறது கஷ்டம், மெதுவா வளரும், எலும்புக்கூடு மாதிரி சுண்ணாம்பு வேற கட்டும். ஐப்டேசியா அப்படி இல்ல, எதுல போட்டாலும் வளரும், பாசிய எடுத்துட்டாலும் உயிரோட இருக்கும், திருப்பி பாசிய குடுத்தா வாங்கிக்கும். அதனால கோரல் ஏன் வெளுக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது எலி மாதிரி ஆயிடுச்சு. 2015ல சவுதி அரேபியால இருக்கற கிங் அப்துல்லா பல்கலைக்கழகத்து குழு இதோட முழு ஜீனோமையே (மரபணுத் தொகுப்பு) படிச்சு வெளியிட்டாங்க. அவங்களுக்கு எது வரமோ அதுவே நமக்கு தலைவலி, சாகவே சாகாது.

சரி, ஊசிக்கு வருவோம். எல்லாரும் முதல்ல பண்றது அதுதான். கடைல ரெடிமேடா பாட்டில் விக்கிறாங்க, இல்லன்னா கால்க்வாசர்னு சொல்ற பொடிய கெட்டியா குழைச்சு வாய் மேல விடுவாங்க. கால்க்வாசர்னதும் என்னமோ ஜெர்மன் மருந்துன்னு நினைச்சுட்டு இருந்தேன், கடைசில பாத்தா கால்சியம் ஹைட்ராக்சைடு, நம்ம வெத்தலைல தடவுற சுண்ணாம்பேதான். எலுமிச்சம்பழச் சாறு, கொதிக்கற தண்ணின்னு இன்னும் பல கை வைத்தியம் இருக்கு. நாலஞ்சு ஐப்டேசியாதான் இருக்குன்னா இது எல்லாமே வேலை செய்யும், நான் மறுக்கல. நாப்பது இருக்கும்போது என்ன ஆகும்னா, ஊசி முனை கிட்ட வந்ததும் அது சட்டுனு பொந்துக்குள்ள இழுத்துக்கும், பாதி மருந்து தண்ணில போகும், ஒரே நாள்ல நிறைய சுண்ணாம்பு விட்டா தண்ணியோட பிஎச் ஏறிடும், பொந்துக்குள்ள மிச்சம் இருக்கற அடித்துண்டு ரெண்டு வாரத்துல திரும்ப தலை தூக்கும். கண்ணுக்கு தெரியறத மட்டும்தான் நம்மால கொல்ல முடியும், மிச்சம் எல்லாம் பாறைக்கு பின்னாடி இருக்கு.

அங்கதான் இதத் தின்னற ஒண்ண உள்ள விடலாமேங்கற யோசனை வருது. நம்மூர் விவசாயிங்களுக்கு இது புதுசே இல்ல. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளில வெள்ளையா மாவுப்பூச்சி வந்து, அப்புறம் மரவள்ளி, மல்பெரின்னு ஏறி ஊரையே நாசம் பண்ணுச்சே, மருந்து அடிச்சு அடிச்சு ஒண்ணும் ஆகல. 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து ஒரு துளியூண்டு குளவிய கொண்டு வந்து விட்டாங்க, அசிரோபேகஸ் பப்பாயேன்னு பேரு, அது மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை வைக்கும், கொஞ்ச காலத்துல அடங்கிடுச்சு. இதே வேலைய ஆஸ்திரேலியாக்காரன் 1935ல கரும்பு வண்டுக்காக பெரிய தேரைய கொண்டு வந்து செஞ்சான். தேரை வண்ட விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் தின்னுச்சு, இன்னிக்கு வரைக்கும் அங்க தேரைய ஒழிக்கத்தான் அலையறாங்க. குளவிக்கு அந்த ஒரு பூச்சிய விட்டா வேற கதி இல்ல, தேரைக்கு எது கிடைச்சாலும் சாப்பாடு. ஐப்டேசியாவுக்கு கடைல விக்கிற ஆளுங்கள பாக்கும்போதும் இந்த ஒரு கேள்விய கேட்டுட்டா பாதி காசு மிச்சம்: இதுக்கு வேற என்ன சாப்பிடத் தெரியும்?

முதல்ல எல்லாரும் வாங்கறது பெப்பர்மின்ட் ஷ்ரிம்ப். சின்ன இறால், லேசா ஒளி ஊடுருவற உடம்புல செவப்பு கோடு கோடா இருக்கும், விலை கம்மி. இது ஐப்டேசியா தின்னுமான்னா தின்னும், 2004லயே இத லேப்ல சோதிச்சு கட்டுரை வந்திருக்கு. ஆனா எந்த பெப்பர்மின்ட்? எல்லாத்தையும் ரொம்ப காலமா லிஸ்மாட்டா வுர்டெமன்னின்னு ஒரே பேர்ல கூப்பிட்டுட்டு இருந்தாங்க. 2006ல ஆண்ட்ரூ ரைன், ஜுண்டா லின்னு ரெண்டு பேரு உக்காந்து பிரிச்சுப் பாத்தா அந்த ஒரு பேருக்குள்ள புதுசா நாலு இனம் ஒளிஞ்சிருந்துச்சு, அதுல ஒண்ணு லிஸ்மாட்டா போகெஸ்ஸி, இங்க ஃப்ளோரிடா கரைல பிடிச்சு விக்கிறதுல நிறைய அதுதான். இது போக கலிஃபோர்னியால இருந்து ஒண்ணு வரும், பாக்க அதே மாதிரி, ஆனா குளிர்ந்த தண்ணில இருந்து வந்தது, நம்ம டேங்க் சூட்டுல ரொம்ப நாள் தாங்காது, ஐப்டேசியாவையும் பெருசா கண்டுக்காது.

அத விட மோசம் கேமல் ஷ்ரிம்ப். எனக்கு ஒரு கடைல பெப்பர்மின்ட்னு சொல்லி மூணு குடுத்தாங்க, நானும் சந்தோஷமா விட்டேன். மறுநாள் காலைல பாத்தா ஐப்டேசியா எல்லாம் அப்படியே ஆடிட்டு இருக்கு, என்னோட பச்சை சோவாந்திட் (கோரல் மாதிரி கூட்டமா வளர்ற ஒரு பிராணி) காலனில மட்டும் அம்மை போட்ட மாதிரி அங்கங்க வெள்ளை. அப்புறம்தான் உத்துப் பாத்தேன், முதுகுல கூன் இருந்துச்சு, செவப்பு கோட்டுக்கு பக்கத்துலயே பளிச்சுனு வெள்ளை கோடும் புள்ளியும் இருந்துச்சு, கண்ணு வேற முட்டை முட்டையா. அது ரைங்கோசினெட்டஸ், கோரலையே தின்னற ஜாதி. ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைன்னு ஊர்ல சொல்றது எனக்கே நடந்துச்சு. பெப்பர்மின்ட்டுக்கு கூனும் இருக்காது, வெள்ளை கோடும் இருக்காது, வாங்கும்போது மூஞ்சிய கண்ணாடி கிட்ட வச்சு பாத்து வாங்குங்க.

சரியான பெப்பர்மின்ட்டே கிடைச்சாலும் அதுக்கு ஐப்டேசியா ஒண்ணும் பிரியாணி இல்ல. மீனுக்கு போட்ட தீனி கீழ விழுந்தா அதத்தான் முதல்ல எடுக்கும், வயிறு நிறைஞ்சா வேட்டைக்கு போகாது. பட்டினி போட்டா போகும், ஆனா பட்டினில கோரல் வாய்ல இருந்து கூட தீனிய பிடுங்கும். சின்ன சின்ன ஐப்டேசியாவ நல்லா காலி பண்ணும், விரல் தடிமன் இருக்கற கிழட்டு ஐப்டேசியாவ தொடாம சுத்திப் போறத நானே டார்ச் அடிச்சு பாத்திருக்கேன். அதனால புதுசா வர்றத அடக்கி வைக்க ரெண்டு மூணு இருந்தா நல்லது, ஏற்கனவே பாறை பூரா பிடிச்சிருந்தா அத நம்பாதீங்க.

மீன்ல பேர் போனது காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை. மூக்கு ஊசி மாதிரி நீளமா இருக்கும், பொந்துக்குள்ள விட்டு இழுத்து தின்னறதுக்குன்னே செஞ்ச மாதிரி. பாக்க ராஜா மாதிரி இருக்கும், வளக்கறதும் ராஜாவ வச்சு வளக்கற மாதிரிதான். கடைக்கு வரும்போதே மெலிஞ்சு வரும், போடற தீனிய முகர்ந்து பாத்துட்டு திரும்பிக்கும், நிறைய மீன் வந்த சில வாரத்துலயே பட்டினில போயிடும், 400 லிட்டருக்கு கம்மியான டேங்க்ல விடறது பாவம். டேங்க்ல இருக்கற விசிறிப் புழுவையும் சேத்து முடிச்சிடும். ஐப்டேசியாவுக்காக மட்டும் இத வாங்கறவங்கள நான் கையெடுத்து கும்பிட்டு தடுப்பேன்.

அதுக்கு ஃபைல்ஃபிஷ் எவ்வளவோ தேவலாம், அந்த அக்ரைக்திஸ் டோமென்டோசஸ். இலைதழை மாதிரி கலர மாத்திக்கிட்டு தலைகீழா நிக்கற குட்டி மீன், இப்போ பண்ணைல பொறிச்சு வளத்ததும் வருது, அது எல்லா தீனியும் சாப்பிட்டு பழகி வரும். ஐப்டேசியா தின்னும், சில நேரம் மஜானோவையும் தின்னும். மஜானோங்கறது இன்னொரு தொல்லை, இதழ் குட்டையா, நுனி உருண்டையா, பச்சையோ பழுப்போ இருக்கும். ஆனா ஐப்டேசியா தீந்ததும் ஃபைல்ஃபிஷ் சும்மா இருக்காது, சோவாந்திட், பெரிய சதைப்பத்தான கோரல்னு கடிச்சு பாக்க ஆரம்பிக்கும். எல்லா ஃபைல்ஃபிஷ்ஷும் இல்ல, உங்களுக்கு வர்றது எந்த குணத்தோட வரும்னு ஜோசியக்காரன்தான் சொல்லணும்.

இனி குளவி மாதிரியான ஆளு. பெர்கியா.

பெர்கியாங்கறது ஓடு இல்லாத கடல் நத்தை. பெருசா வளந்தாலே ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான், முதுகு பூரா சாம்பல் பழுப்பு கலர்ல விரல் விரலா நீட்டிட்டு இருக்கும், தலைல ரெண்டு கொம்பு. ரொம்ப காலமா இத பெர்கியா வெருசிகார்னிஸ்னு வேற ஒரு இனத்தோட பேர்ல வித்துட்டு இருந்தாங்க, 2005ல ஃப்ளோரிடா கீஸ் தீவுகள்ல இருந்து எடுத்தத வச்சு இது தனி இனம்னு சொல்லி ஸ்டெஃபானியேன்னு பேர் வச்சாங்க. இது வாழ்நாள் பூரா ஐப்டேசியாவ மட்டும்தான் தின்னும். கோரல், மீன் தீனி, பாசி, எதையும் தொடாது, மஜானோவக்கூட தொடாது. பக்கத்துலயே விருந்து வச்சாலும் ஐப்டேசியா இல்லன்னா பட்டினி கிடந்து செத்துப்போகும், அவ்ளோ வைராக்கியம்.

தின்னறத ஒரு ராத்திரி பாத்தேன். இது பகல்ல பாறைக்கு அடில போய் ஒளிஞ்சுக்கும், அதனால டார்ச்சுல செவப்பு பேப்பர் ஒட்டிட்டு ரெண்டு மணிக்கு உக்காந்திருந்தேன், அம்மாவும் தூக்கம் வரலைன்னு பக்கத்துல வந்து உக்காந்துட்டாங்க. ஒண்ணு மெதுவா ஊர்ந்து வந்து ஐப்டேசியாவோட தண்டுல மூக்க வச்சுது, அது சுருங்கி அந்த வெள்ளை நூல வெளிய விட்டுச்சு, பெர்கியா முதுகு விரல எல்லாம் முள்ளம்பன்னி மாதிரி முன்னாடி சிலிர்த்துக்கிட்டு ஒரு நிமிஷம் பின்னாடி போச்சு. அப்புறம் திரும்ப வந்து அந்த நூலையே நூடுல்ஸ் மாதிரி உறிஞ்ச ஆரம்பிச்சுது. கொட்டற நூல் அதுக்கு ஒண்ணும் பண்ணல. அதுக்கும் மேல, அந்த கொட்டற செல்லுல வெடிக்காம இருக்கறத ஜீரணிக்காம வயித்து வழியா முதுகு விரலோட நுனிக்கு அனுப்பி அங்க பத்திரமா வச்சுக்கும், அப்புறம் யாராவது இத கடிக்க வந்தா எதிரி கிட்ட இருந்து எடுத்த அதே ஆயுதத்தால கொட்டும். "திருடின கத்தியாலயே குத்துதா"ன்னு அம்மா கேட்டாங்க. ஆமான்னேன். அரை மணி நேரத்துல பாத்தா ரெண்டாவது ஒண்ணும் வாசனை பிடிச்சு வந்து சேந்துக்கிச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம், ஏன்னா பெர்கியா வாங்கி ஏமாந்தேன்னு சொல்றவங்க பாதி பேரு கணக்குலதான் ஏமாந்திருப்பாங்க. ரெண்டு வாங்கி 500 லிட்டர் டேங்க்ல விட்டுட்டு அடுத்த வாரமே ஒண்ணும் ஆகலன்னு சொல்றாங்க. ஒரு பெர்கியா ஒரு நாளைக்கு திங்கறது கொஞ்சம்தான், நமக்கு வேலைய முடிச்சு குடுக்கப் போறது அதோட பிள்ளைங்கதான். ஒவ்வொண்ணும் ஆணும் பெண்ணும் சேந்ததுதான், ரெண்டு சந்திச்சா ரெண்டும் முட்டை போடும், வெள்ளை நூல ஜிலேபி மாதிரி சுருள் சுருளா கண்ணாடிலயோ பாறைலயோ சுத்தி வைக்கும், ஒரு சுருள்ல முட்டை நூத்துக்கணக்குல இருக்கும். பன்னெண்டு நாள் பக்கம் பொரியும், குட்டி வளந்து அது முட்டை போட இன்னும் ஒண்ணரை ரெண்டு மாசம். இறால் குட்டி வாரக்கணக்கா தண்ணில மிதக்கற லார்வாவா இருந்து பம்ப்ல அடிபட்டு சாகும், ஆனா பெர்கியா குட்டிக்கு நீந்தற காலம் ரொம்ப கம்மி, சீக்கிரமே பாறைல ஊர ஆரம்பிச்சிடும். அதனாலதான் வீட்டு டேங்க்லயே பெருகுது. எனக்கு 280 லிட்டர்ல எட்டு விட்டேன், முதல் ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்ல, பெர்கியாவையே காணோம், காசு போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பத்தாவது வாரம் பாறைக்கு பின்னாடி முதல்ல காலியாச்சு, அப்புறம் பதினஞ்சு நாள்ல முன்னாடி பக்கம் சரசரன்னு கொட்டிடுச்சு.

நடுவுல கெடுக்கறதுக்கு ஆள் இருக்கு. சிக்ஸ்லைன் மாதிரி ராஸ் மீன் நாள் பூரா பாறைய பொறுக்கிட்டே இருக்கும், அதுக்கு பெர்கியா குட்டி நல்ல நொறுக்குத்தீனி. நண்டு, பெரிய இறால் எல்லாம் அதே. முதல்ல பெப்பர்மின்ட் வாங்கி பாத்துட்டு அது சரியா செய்யலன்னதும் பெர்கியா வாங்கி அதே டேங்க்ல விடறாங்க பாருங்க, ஒரு வேட்டைக்காரன இன்னொருத்தனுக்கு சாப்பாடா போட்ட மாதிரி. பவர்ஹெட் (டேங்க்குக்குள்ள தண்ணி ஓட்டம் குடுக்கற பம்ப்) உறிஞ்சுற இடத்துல வலையோ ஸ்பாஞ்சோ கட்டணும். தட்டைப்புழுவுக்கு மருந்து விட்டிருந்தா அதுவும் பெர்கியாவ கொன்னுடும். விடும்போது விளக்க அணைச்சுட்டு, பம்ப்ப நிறுத்திட்டு, ஒரு டிராப்பர்ல எடுத்து ஐப்டேசியா கூட்டத்துக்கு பக்கத்துல பாறை மேல விடுங்க, மேல இருந்து கொட்டினா நேரா மீன் வாய்க்குள்ளதான் போகும்.

இன்னொரு இடத்த எல்லாரும் மறக்கறாங்க, நானும் மறந்தேன். மேல் டேங்க்ல இருந்து தண்ணி கீழ இறங்கற ஓவர்ஃப்ளோ டப்பா, குழாய், கீழ சம்ப். அங்க இருட்டுல வெள்ளையா பத்து இருபது ஐப்டேசியா உக்காந்திருக்கும், மீன் போகாது, இறால் போகாது, நம்ம கண்ணும் போகாது. மேல சுத்தமான மூணாவது மாசம் ஒரு நாள் சம்ப்ப தொறந்து பாத்தேன், ஸ்கிம்மர் (தண்ணில இருந்து அழுக்க நுரையா எடுக்கற கருவி) கால சுத்தி காளான் முளைச்ச மாதிரி நின்னுச்சு. அங்கயும் தனியா நாலு பெர்கியாவ கொண்டு போய் விடணும், இல்லன்னா அதுவே நாத்தங்கால் மாதிரி மேல நாத்து அனுப்பிட்டே இருக்கும்.

இதெல்லாம் நல்லபடியா நடந்தா அப்புறம் வர்றதுதான் யாரும் வாங்கும்போது சொல்லாத விஷயம். ஐப்டேசியா தீந்த அன்னிக்கு பெர்கியாவோட சோறும் தீந்துச்சு. மருந்துன்னா மிச்சத்த மூடி அலமாரில வைக்கலாம், இத எங்க வைக்கறது? எண்ணிக்கை உச்சத்துல இருக்கும்போது சாப்பாடு அடியோட நிக்கும், அறுபது எழுபது பெர்கியா பகல்லயே கண்ணாடில ஏறி அலையும், மெலிஞ்சு போயி முதுகு விரல் எல்லாம் வெளுத்து நிறமில்லாம ஆயிடும். அதுக்கப்புறம் ஆறு மாசம் கழிச்சு புது ஃபிராக்கோட ஒரே ஒரு ஐப்டேசியா வந்துச்சுன்னா டேங்க்ல அத திங்க யாரும் இருக்க மாட்டாங்க, மறுபடி முதல்ல இருந்து காசு. பப்பாளித் தோட்டத்துல குளவி பட்டினி கிடக்காது, பக்கத்து தோட்டத்துல எங்கயாவது ரெண்டு மாவுப்பூச்சி மிச்சம் இருக்கும், அத வச்சு உயிர் பிழைச்சு திரும்ப வரும். கண்ணாடிப் பெட்டிக்கு பக்கத்து தோட்டம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் டேங்க்தான் பக்கத்து தோட்டம், அதனால இங்க உப்புத்தண்ணி டேங்க் வச்சிருக்கற நாங்க ஆறேழு பேரு கைமாத்து மாதிரி பெர்கியாவ மாத்தி மாத்தி குடுத்துக்கறோம், யார் டேங்க்ல ஐப்டேசியா வந்தாலும் முதல்ல வாழ்த்து சொல்லிட்டுதான் பெர்கியா அனுப்புவோம்.

எனக்கு மிஞ்சினதுல முப்பது பெர்கியாவ எடுத்து ரெண்டு ஃப்ரெண்டுங்களுக்கு குடுத்தேன். ஒரு எட்ட மட்டும் பழைய ஊறுகாய் ஜாடில போட்டு கிச்சன் ஜன்னல் மேடைல வச்சிருக்கேன். பக்கத்துல இன்னொரு ஜாடி, அதுல நான் சம்ப்ல இருந்து பாத்து பாத்து சுரண்டி எடுத்த ஐப்டேசியா. வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி மாத்தறேன், ஆர்டீமியா (மீன் தீனிக்கு வளக்கற துளியூண்டு உப்புத்தண்ணி இறால்) முட்டைய பொரிக்க வச்சு டிராப்பர்ல ஒவ்வொரு ஐப்டேசியா வாய்க்கும் ஊட்டறேன், நல்லா கொழுத்து வந்ததும் ஒண்ண எடுத்து பெர்கியா ஜாடிக்கு மாத்தறேன். போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா, "டேங்க்ல அந்தப் பூ போயிடுச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க. ஃபோன ஜன்னல் பக்கம் திருப்பி ஜாடிய காட்டினேன். ரொம்ப நேரம் சிரிச்சுட்டு, "வெயில் படற மாதிரி கொஞ்சம் நகத்தி வை, அந்த ஓரத்துல இருக்கறது வாடிப்போன மாதிரி இருக்கு"ன்னாங்க.